கடலில் சொல்லாத பெயர்

1

மாசி முடிந்து பங்குனியும் பாதி போய்விட்டது. என்னை இன்னும் படகில் ஏற்றவில்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் மீனுக்குப் போகிறார்கள். நான் கரையில் பெண்களோடும் நடக்கமாட்டாத கிழவர்களோடும் நின்று, மீனைச் சோடி சோடியாக வாலில் கட்டி மரப்பரணில் காயத் தொங்கவிடுகிறேன். படகில் போகிறவனுக்குத்தான் மீனில் பங்கு. பரணில் நிற்பவனுக்குக் கூலி, அதுவும் மீனை வாங்குகிற கடைக்காரர் மனம் வைத்தால். பருவம் இப்படியே முடிந்தால் வருகிற குளிருக்கு வீட்டில் மாவும் இராது, மண்ணெண்ணெயும் இராது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெருநிலத்துக்குப் போய் ஏதாவது தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

நான் செய்த குற்றம் என்ன என்று கேட்பீர்கள். களவெடுத்தேனா, குடித்துவிட்டு யாருக்கும் அடித்தேனா? இல்லை. இந்தத் தீவின் பெயரைச் சொன்னேன். சொன்ன இடம் கடல். குற்றம் அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஓட்டமாவடியிலிருந்து என் பள்ளித் தோழன் மீராலெப்பையின் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மச்சான் கணவதி, நாங்க கொஞ்சப் பேர் சேந்து பத்திரிகை ஒண்டு தொடங்கியிருக்கம். நீ இரிக்கிற தீவுட பேரு என்ன, அந்தப் பேரு எப்பிடி வந்த, அதுர சரித்திரம் என்ன, எல்லாத்தையும் விபரமா எழுதி அனுப்பு. சும்மா பனி, குளிர் எண்டு எழுதாத. அத எல்லாரும் எழுதுவாங்க."

உலகத்தில் கேட்பதற்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லை இவனுக்கு. கடிதத்தை அடுப்பில் போடலாமா என்று நினைத்தேன். பிறகு, மீன் பரணில் நிற்பவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம் என்று எழுத உட்கார்ந்தேன்.

2

பெயர் ஹெஸ்தொய. நம் மொழியில் குதிரைத்தீவு. இங்கே குதிரை இல்லை. நான் வந்தபோதும் இல்லை, என் மாமனார் ஆன்டர்ஸ் பிறந்தபோதும் இல்லை. ஆடு உண்டு, சில பசுக்கள் உண்டு, மரம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. முழுத் தீவும் பாறை. பாறைமேல் கொஞ்சம் புல். புல்லை நிமிரவிடாமல் காற்று. ஒரு குதிரையைக் கொண்டுவந்து விட்டால் அது இரண்டு நாளில் தானே நீந்திப் போய்விடும்.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. பழைய காலத்து அரசன் ஒருவன் கப்பலில் போகும்போது அவன் குதிரை விழுந்து இங்கே கரையொதுங்கியது என்பார் கடைக்காரர். பெருநிலத்திலிருந்து வருகிற பாதிரியார் அதெல்லாம் பொய் என்பார். கோயிலுக்குக் கல் இழுக்க ஒரு குதிரையைக் கொண்டுவந்தார்களாம், அது முதற் குளிரிலேயே செத்ததாம். மாமனாரிடம் கேட்டேன். புகையிலையை மென்றுகொண்டு, மேற்கே உள்ள பாறை குதிரை முதுகைப் போல இருப்பதால் வந்தது என்றார். நானும் போய்ப் பார்த்தேன். எருமை முதுகைப் போல இருந்தது.

பெயர் போகட்டும், சரித்திரமாவது தெரியுமா என்றால், அதில் மட்டும் எல்லோரும் ஒரே வாய். இந்தத் தீவில் தானியம் விளையாது. ஆதி காலந்தொட்டு இவர்கள் மீனைக் காயவைத்து, தெற்கே பல நாள் ஓடி, வியாபார நகரத்தில் கொடுத்துத் தானியம் வாங்கித்தான் உயிர் பிழைத்திருக்கிறார்கள். தானியப் படகு வராத வருடங்களில் பாறைப் பாசியை அரைத்து மாவோடு கலந்து தின்றிருக்கிறார்கள். தன் பாட்டனாரின் தங்கை அப்படித் தின்று வயிறு ஊதிச் செத்ததை மாமனார் நேற்று நடந்ததைப் போலச் சொல்வார். நம் வாவிக்கரையில் மீனைக் கொடுத்து நெல் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நமக்கு நெல் விளைகிற வட்டை கூப்பிடு தூரம். இவர்களுக்கு ஒரு கடல் தூரம்.

நான் இங்கே வந்து விழுந்த கதை சிறியது. கொழும்புத் துறைமுகத்தில் நோர்வே நாட்டுச் சரக்குக் கப்பலொன்றில் கரி அள்ளிப் போடும் வேலைக்கு ஏறினேன். உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது என்று கப்பலை இந்தப் பக்கத்துக் கடற்கழியில் கட்டிப்போட்டார்கள். கட்டிய கப்பலில் சம்பளம் ஏது? மீன் பருவத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள், வந்தேன். ஆன்டர்ஸின் மகள் மாரித் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். அதற்குப் பிறகு நான் எங்கேயும் போகவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்கள் பேசுவதை நான் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதப் போகிறேன். இத்தனை வருடமாகியும் என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

3

சரி, கடலில் பெயரைச் சொன்னால் என்ன?

இங்கே படகு கரையை விட்டதும் சில சொற்கள் செத்துவிட வேண்டும். பாதிரியாரைப் பாதிரியார் என்று சொல்லக் கூடாது, கறுப்புச் சட்டைக்காரர் என்று சொல்ல வேண்டும். பூனைக்கு வேறு பெயர், கத்திக்கு வேறு பெயர். எல்லாவற்றிலும் பெரிய விலக்கு குதிரை. கடலுக்கு அடியில் குதிரை உருவத்தில் ஒன்று இருக்கிறதாம், கூப்பிட்டால் வந்துவிடுமாம். ஆகவே குதிரைத்தீவில் பிறந்து வளர்ந்து சாகிற இந்த மனிதர்கள் தங்கள் ஊரின் பெயரைக் கடலில் சொல்ல முடியாது. கடலில் அதற்குப் பெயர் 'அங்கிருப்பவள்'. என் அம்மா என் அப்பாவின் பெயரைச் செத்தாலும் சொல்லமாட்டா. குடிமதிப்புக்காகப் பெயர்களை எழுத வந்த ஊர் விதானையார் தலையில் கைவைத்துக் கொண்டு உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு ஊரே இப்படி இருந்தால் எப்படி என்று நினைத்துப் பாருங்கள்.

முதல் வருடமே மாமனாரிடம் கேட்டேன்.

"இவ்வளவு கரைச்சல் எண்டா ஊருக்கு வேற பேரு வெச்சிருக்கலாமே மாமா. மாட்டுத்தீவு எண்டு வெச்சா என்ன?"

"கடலில மாட்டையும் சொல்லப்படாது" என்றார்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். வாவிக்கு அப்பால் படுவான்கரை வட்டைகளில், கதிரை மாடு விட்டுச் சூடு மிதிக்கிற களவெட்டியில் ஒருவன் வாய் தவறி நெல் என்று சொல்லிப் பார்க்கட்டும். களத்தில் அது நெல் இல்லை, பொலி. மாடு மாடு இல்லை, வாரிக்காலன். கடகத்துக்கும் சுளகுக்கும்கூட வேறு பெயர். உள்ள பெயரைச் சொன்னால் பூதம் காது கொடுத்துக் கேட்டுப் பொலியை வாரிக்கொண்டு போய்விடும் என்றுதானே நம் ஆட்களும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்?

ஆனால் நம் ஆட்களிடம் ஒரு நியாயம் இருந்தது. என் ஊரான தேற்றாத்தீவின் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த வாத்தியார், சூடு மிதிப்பதைப் பார்க்கவென்று தோணியில் வாவியைக் கடந்து எங்கள் களவெட்டிக்கு வந்தார். வந்து நின்று, குவியலைப் பார்த்து, "நல்ல நெல்லு" என்றார். அப்பா உடனே மாடுகளை நிறுத்தினார். எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்பா கையில் கம்பு இருந்தது.

"வாத்தியார், நீங்க தெரியாமச் சொல்லிப் போட்டீங்க" என்றார் அப்பா. "சொன்ன வாயாலதான் அத மாத்தவும் வேணும். வாங்க, இந்தக் கயித்தப் பிடிங்க."

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடுகளுக்குப் பின்னால் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பொலி, பொலி" என்று அவர் சொல்ல, மற்றவர்களும் கூடச் சொன்னார்கள். அப்பாவுக்குத் திருப்தி வந்த பிறகுதான் அவரை விட்டார். போகும்போது ஒரு கடகம் பொலி கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு வாத்தியார் ஒவ்வொரு வருடமும் வந்தார். அவரைக் களத்துக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. இதுதான் நான் சொல்கிற நியாயம்.

4

எனக்கு ஒரே மகள். கோயிற் பதிவில் அன்னா, எனக்கு அன்னம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அவள் என்னோடு தமிழ் பேசுவதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வேச் சொல்லில் பதில் சொல்வாள். கூட்டாளிகள் நிற்கும்போது நான் தமிழில் கூப்பிட்டால் காது கேளாதவள் போல நடப்பாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஆக்கள் நிக்கக்குள்ள அந்தப் பாஷை பேசாதீங்க அப்பா, சிரிக்காங்க" என்றாள், அதுவும் அவர்களுடைய பாஷையில். நான் அவர்களுடைய பாஷையைப் பேசினாலும் சிரிக்கத்தானே செய்கிறார்கள் என்றேன். "ஓம், அதுக்கும்தான்" என்றாள்.

தை மாதம் ஒரு பெரிய புயல் அடித்து ஓய்ந்த விடியலில் அவளுக்கு வயிற்றுவலி கண்டது. மாரித் தடவிப் பார்த்தாள், எண்ணெய் பூசினாள், ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கால்களை மடக்கிக்கொண்டு அனுங்கினாள். டாக்டர் இருப்பது பெருநிலத்தில். பெருநிலத்துக்குப் போக வேண்டுமானால் கரையோரமாக ஓடுகிற தபால் கப்பல்தான் வழி. அது எங்கள் தீவுக்கு வெளியே கடலில் போகும். ஏற வேண்டிய ஆள் இருந்தால் கடைக்காரர் முதலே டெலிபோனில் தீவின் பெயரைச் சொல்லி அறிவித்து விடுவார். கப்பல் நின்று படகிலிருந்து ஏற்றிக்கொள்ளும். இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது. ஆகவே கடலில் வைத்து யாரும் பெயர் சொல்ல வேண்டி வரவில்லை. அன்றைக்கோ புயலில் டெலிபோன் கம்பி அறுந்து கிடந்தது.

படகை இறக்கினோம். மாமனார் சுக்கானில். ஊலா என்கிற அயல்வீட்டுக்காரனும் அவன் தம்பியும் நானும் துடுப்பில். மாரித் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாமனாரின் காலடியில் இருந்தாள். துடுப்புப் போடுகிறவன் பின்பக்கம் பார்த்துத்தானே இருப்பான். பிள்ளையின் முகம் எனக்கு நேரே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வாத்தியார் களம் சுற்றிய கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். துடுப்பு இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பொலி. பொலி, பொலி என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. கேட்டாளா என்றும் தெரியவில்லை.

கப்பல் வந்தது. நாங்கள் துடுப்பைத் தூக்கிக் காட்ட வேகத்தைக் குறைத்தது. மேலே தட்டில் ஒரு அதிகாரி, கையில் வாயில் வைத்துக் கூப்பிடுகிற குழல்.

"எந்த இடம்?"

"அங்கிருப்பவள்" என்றார் மாமனார்.

"எந்த இடம் எண்டு கேட்டன்."

"அங்கிருப்பவள். அங்கிருப்பவளில இருந்து வாறம். புள்ளைக்கு வருத்தம்."

அதிகாரி யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். புதியவன், தெற்குப் பக்கத்தான். "அப்பிடி ஒரு இடம் எங்கட பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாத இடத்துக்குக் கப்பல நிறுத்தக் கட்டளையில்ல. அடுத்த துறைக்கு வாங்க."

அடுத்த துறைக்குத் துடுப்புப் போட்டுப் போய்ச் சேரப் பகல் முழுவதும் வேண்டும். கப்பலின் இயந்திரச் சத்தம் கூடியது. நான் மாமனாரைப் பார்த்தேன். "பேரச் சொல்லுங்க மாமா" என்றேன். பேத்தி அவர் காலடியில் கிடக்கிறாள். தாடியில் கண்ணீர் வழிகிறது. அவளுக்காகத் தன் உயிரைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். ஆனால் வாய் திறக்கவில்லை. "சொன்னா அது வந்திரும். புள்ள செத்திருவாள்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. படகில் எழும்பி நின்று, என்னிடம் உள்ள மூச்சு முழுவதையும் கூட்டிச் சத்தம் போட்டேன். ஹெஸ்தொய. குதிரைத்தீவு. அங்கிருப்பவள் எண்டாலும் அதுதான், குதிரைத்தீவு எண்டாலும் அதுதான். பிள்ளைய ஏத்து.

கப்பல் நின்றது. மாரித்தும் அன்னமும் ஏறினார்கள். குடல்வால் வீங்கியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வெடித்திருக்குமாம். டாக்டர் வெட்டி எடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்.

அவர்களை ஏற்றிவிட்டு நாங்கள் ஆண்கள் மட்டும் படகைத் திருப்பினோம். மாமனார் இடுப்புக் கத்தியை உருவி என் இருக்கைப் பலகையில் குத்தி வைத்தார். இரும்பு இருந்தால் அது கிட்ட வராதாம். கரை தட்டியதும் ஊலா என் துடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்தான்.

5

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் தலையில். மீண்டும் புயல் வந்தது, நான். ஊலாவின் தூண்டிற் கயிறுகள் அறுந்து போயின, நான். மற்றத் தீவுக்காரர்கள் மீனை அள்ளும்போது எங்கள் படகுகள் பாதி வெறுமையாக வந்தன, அதுவும் நான். நான் எப்போதும் குளிரில் நடுங்குகிறவன். என் வாயில் கடலையே ஆட்டுகிற பலம் இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது.

"புள்ள பிழைச்சிட்டாள்தானே மாமா?" என்று கேட்டேன். "செத்திருவாள் எண்டீங்களே."

"அவள் பிழைச்சது டாக்டரால" என்றார். "மீன் வராதது உன்னால."

இப்படிப் பேசுகிற மனிதரோடு என்ன பேசுவது?

அன்னத்தைக் கூட்டி வரப் பெருநிலத்துக்குப் போன அன்றைக்குத்தான் வருடாந்தம் நான் பொலிசில் போய் நிற்கிற நாளும் வந்தது. இன்னமும் நான் அந்நியன். அவர்கள் புத்தகத்தில் பிரித்தானியப் பிரசை. ஐரோப்பாவில் மறுபடி யுத்தம் வரும் என்ற பேச்சு அடிபடுவதால் இந்த முறை கேள்வி கூட. பிறந்த இடம் எது என்றார் எழுதுவினைஞர். தேற்றாத்தீவு என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்றார். சொன்னேன்.

"அப்ப நீங்க பிறந்ததும் தீவிலதான்."

"இல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடந்தே போகலாம்."

"அப்ப ஏன் தீவு எண்டு பேரு?"

எனக்குத் தெரியாது. தேற்றா மரம் நின்றதால் வந்த பெயர் என்பார்கள்; தீவு எப்படி வந்தது என்று பிறந்ததிலிருந்து நான் யோசித்ததேயில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிரித்தானியத் தூதரக அலுவலகத்திலிருந்து பிறப்பிடத்தை உறுதிப்படுத்திக் கடிதம் கொண்டுவரச் சொன்னார். அந்த அலுவலகம் தெற்கே, கப்பலில் பல நாட்பயணம். உள்ள ஊரின் பெயரைச் சொன்னாலும் தொல்லைதான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது தபால் கப்பலிலிருந்து எங்களை இறக்க ஊலாவின் படகு வந்தது. பிரயாணியாக ஏற்றினார்கள், மூட்டை முடிச்சை ஏற்றுவது போல. துடுப்புப் பக்கம் என்னை விடவில்லை. மூடுபனி விலகித் தீவு தெரிந்தது. பிள்ளை இளைத்துப் போயிருந்தாள், கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, "அந்தா பாரு புள்ள, ஹெஸ்..." என்று வாயெடுத்தேன்.

அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

"அப்பா, கடலில அதச் சொல்லப்படாது."

அந்தச் சொல்லால் உயிர் பிழைத்தவள். வயிற்றுத் தையல் இன்னும் காயவில்லை. ஊலா அவளைப் பார்த்துத் தலையாட்டினான், நல்ல பிள்ளை என்று. எனக்குக் கடலில் குதிக்கலாம் போல் இருந்தது.

6

இவ்வளவும் எழுதி வைத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து, ஆண்கள் எல்லோரும் கடையில் கூடினார்கள். நான் போகவில்லை, மாமனார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். என்னை ஊரைவிட்டுப் போகச் சொல்லப் போகிறார்கள் என்று மாரித் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்னத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். கோபம் வந்தால் எனக்கு அவர்களுடைய பாஷை குழம்பிவிடும். அவள்தான் நான் சொல்வதை எடுத்துச் சொல்வாள்.

விஷயம் வேறு. குதிரைத்தீவு என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பார்களாம். 'அங்கிருப்பவள் எண்டாலும் அதுதான்' என்று ஒரே மூச்சில் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அப்படியானால் இரண்டும் ஒன்றென்று கடலுக்குத் தெரிந்துவிட்டது. இனி அங்கிருப்பவள் என்றும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து இவர்கள் கடலில் ஊரைக் குறித்துப் பேசவே வழியில்லாமல் கையைக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். மூடுபனியில் கையைக் காட்டினால் யாருக்குத் தெரியும்? ஊலா ஒருநாள் திசை தவறிப் போய்ப் பாறையில் முட்டத் தப்பியிருக்கிறான். ஒரு புதுப் பெயர் வேண்டும். கடல் முன்னே கேட்டிராத பெயராக வேண்டும்.

பெயர் தேடினார்கள். ஒருவர் சாம்பல்காரி என்றார். அது பக்கத்துத் தீவுக்காரர் தங்கள் தீவுக்குச் சொல்கிற பெயர். இன்னொருவர் கிழவி என்றார். அது ஒரு பாறையின் பெயர். கடைக்காரர் தன் செத்துப்போன பசுவின் பெயரைச் சொன்னார். கோப்பி இரண்டு முறை வைத்தாயிற்று. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழும்பினேன்.

"எங்கட ஊரிலயும் சொல்லப்படாத சொல்லு இரிக்கி. சொன்னவன ஆரும் துரத்துறல்ல. சொன்ன வாயால மாத்த விடுவாங்க. நீங்க என்னப் பரணில கட்டிப் போட்டு, மீன் வரல்ல மீன் வரல்ல எண்டு அழுறீங்க" என்றேன். பாதி அவர்களுடைய பாஷை, பாதி தமிழ். எடுத்துச் சொல்லு என்று அன்னத்தைப் பார்த்தேன்.

அவள் அதை எடுத்துச் சொல்லவில்லை. தாத்தாவின் முன்னால் போய் நின்று, "பொலி" என்றாள்.

மாமனார் காதில் கையை வைத்தார். "என்ன சொன்ன?"

"பொலி. அப்பாட ஊர்ச் சொல்லு. களத்தில சொல்லுற." பிறகு அவர்களுடைய பாஷையில் வாத்தியாரின் கதை முழுவதையும் சொன்னாள். தோணியில் வாவியைக் கடந்து வந்தது, என் அப்பா மாடுகளை நிறுத்தியது, வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டியது, ஒன்றையும் விடவில்லை. வேட்டி என்றால் என்ன என்று கையால் காட்டினாள். நான் பக்கத்திலிருந்த உப்புப் பீப்பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொலி எண்டா என்ன?" என்று மாமனார் என்னிடம் கேட்டார்.

"தானியம்" என்றேன். "களத்தில குவிஞ்சு கிடக்கிற தானியம். இன்னும் கூடட்டும் எண்டு சொல்லுற சொல்லு."

மாமனார் புகையிலையை மெல்லுவதை நிறுத்தினார். அவர் தன் பாட்டனாரின் தங்கையை நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

ஊலா மட்டும் விடவில்லை. "கடல் கேட்டிராத பேராத்தானே வேணும்? இத இவர் கடலில சொன்னாரு. நான் கேட்டனே. கப்பலுக்குப் போகக்குள்ள, போற வழியெல்லாம், ஒவ்வொரு இழுப்புக்கும்."

அவன் சொன்னது சரி.

"ஓம், சொன்னாரு" என்றாள் அன்னம். "கடல் கேட்ட. அதுக்குப் பிறகுதான் கப்பல் நிண்ட. நான் சாகல்ல."

மாமனார் மேசையில் கையை ஊன்றி எழும்பினார். "நாம கடலுக்குப் போனதெல்லாம் தானியத்துக்குத்தானே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ஊலா, இவர்ட துடுப்பக் கொண்டு வா."

7

நேற்று விடியப் போனோம். மூடுபனி அடைத்துக் கிடந்தது. துடுப்பு நுனிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னே போன படகு எங்கே என்றும் தெரியவில்லை, தீவு எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. எனக்கு வழக்கம்போலக் கை விறைத்துப் போயிருந்தது. வழக்கம்போல எல்லோரையும் மனத்துக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் கூலிக்கு நிறுத்தி வைத்தார்களே, மன்னிப்பு என்று ஒரு சொல் சொன்னார்களா? ஒரு சொல் இல்லை. துடுப்பைத் திருப்பித் தந்ததே பெரிய தயவு என்று நினைப்பு.

மாமனார் சுக்கானில் எழும்பி நின்றார். வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு பனிக்குள் கூப்பிட்டார்.

"பொலி எங்க?"

அவர் வாயில் அது முழுதாக வரவில்லை. ஆனால் அது அந்தச் சொல்தான். இடப்பக்கமிருந்து, ஆளைக் காணாமல், ஊலாவின் குரல் வந்தது. "பொலி இஞ்சால." அதற்கப்பால் வேறொரு படகிலிருந்து இன்னொரு குரல். பொலி. அதற்கும் அப்பால், பொலி. ஒருவர் சொல்ல மற்றவர்களும் கூடச் சொன்னார்கள்.

மீராலெப்பை, தீவின் பெயரையும் சரித்திரத்தையும் கேட்டாய். கடித உறையில் குதிரைத்தீவு என்றே போடு. தபால்காரர்கள் கரையில் இருப்பவர்கள், அவர்களுக்கு அது போதும். மற்றப் பெயரைப் பத்திரிகையில் போடு, ஆனால் அதைப் பார்த்துத் தானியம் கிடைக்குமென்று தோணியில் யாரும் இந்தப் பக்கம் வந்துவிட வேண்டாம். இங்கே படுவான்கரை வட்டை இல்லை, களவெட்டி இல்லை, ஒரு கதிர்கூட இல்லை. இந்தப் பங்குனியில் அங்கே நீங்கள் சூடு மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

நேற்று பனிக்குள் அந்தக் குரல்களைக் கேட்டு என்னால் துடுப்பு இழுக்க முடியவில்லை. துடுப்பை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். படகு கிறுகிப் பக்கவாட்டில் அலை அடித்தது.

"துடுப்பப் பிடி" என்று ஏசினார் மாமனார். "உன்னால எல்லாரும் சாகப் போறம்."

பிடித்தேன்.